எண்ணிக்கை சரியாக இருந்தது

தம்பி பிரிட்டோ,

நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டேன். "சும்மா ஒரு பார்வை பாருங்கப்பா, நீங்க முப்பது வருஷம் சைட்ல நின்னவரு" என்று சொன்னாய். சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தேன். விபத்து நடந்தால் யார் என்ன செய்ய வேண்டும், சைரன் எத்தனை முறை ஒலிக்க வேண்டும், யார் யாருக்குப் போன் போட வேண்டும் என்று கலர் படமும் அம்புக்குறியுமாகப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறாம் பக்கத்தில் 'அருகிலுள்ள மருத்துவமனை' என்று போட்டிருப்பது சென்னையில் இருக்கிறது. வேறு எந்த சைட்டுக்கோ எழுதியதை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அடிபட்டவனைச் சென்னைக்கா தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? நேற்று சாயங்காலம் நடக்கப் போகிற சாக்கில் உன் சைட் வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஆபத்து வந்தால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடம் என்று படத்தில் பச்சை அடித்திருக்கிறீர்களே, அந்த இடத்தில் கம்பிக் கட்டு ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. இதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

பதினேழாம் பக்கத்துக்கு மட்டும் பென்சில் போதவில்லை. அங்கே இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது. கூடிய இடத்தில் தலைகளை எண்ணி அன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும், சரியாக இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அறிவிக்கலாம் என்கிறது அந்த வரி. படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். போன வாரம் நீ சாப்பிட்டுக்கொண்டே போனில் யாரிடமோ, "ஹிந்திக்காரங்க இருபத்திரெண்டு பேரு வந்தா போதும், எந்த இருபத்திரெண்டு பேரா இருந்தா என்ன" என்று சொன்னாய். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்று உன் அம்மா கவலைப்பட்டாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அந்த சைட்டுக்கு நீதான் பொறுப்பு. இருபது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று தெரியாமல் நீ அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது. படித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. நேரில் சொல்லத் தைரியம் இருந்திருந்தால் இவ்வளவு காகிதம் வீணாகியிருக்காது. இது உனக்கு எழுதுவதுதான், ஆனால் ஒளித்து வைக்க வேண்டாம். உன்னோடு வேலை பார்க்கிற யார் கேட்டாலும் படிக்கக் கொடு.

உனக்கு அப்போது எட்டு வயது. நாம் பாலக்கரையில் வாடகை வீட்டில் இருந்தோம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடி கட்டினார்கள், அதற்கு நான் சூப்பர்வைசர். தரைக்குக் கீழே கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காகப் பதினான்கு அடி ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தோம். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர், தோண்டினால் மணலும் தண்ணீரும்தான். அது ஆடி மாதம். காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், குழிக்குள் ஊற்று அதிகமாகிவிட்டது. ராப்பகலாக மோட்டார் ஓடியது. தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் குழியின் மேற்கு விளிம்பிலேயே குவித்து வைத்திருந்தோம். ஓரத்தில் பலகை அடித்து முட்டுக் கொடுக்கவில்லை. அது தப்பு என்று எனக்குத் தெரியும். அன்று காலையில் அந்த விளிம்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பைப் பார்த்தேன். சாயங்காலம் என்ஜினியர் வந்தால் காட்டலாம் என்று நினைத்தேன். நான் செய்த முதல் தப்பு அது. அதோடு நின்றிருந்தால்கூட இன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் வருகைப் பதிவேட்டில் யார் பெயரையும் எழுத மாட்டோம். காலையில் மேஸ்திரி கேட்டில் நின்று கணக்குச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஆள் ஒன்பது, சித்தாள் ஐந்து, கம்பி கட்டுகிறவர்கள் நாலு, மேஸ்திரி ஒன்று, ஆக மொத்தம் பத்தொன்பது. சித்தாள் என்றால் மண்ணும் கல்லும் சுமக்கிற பெண்கள். புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் சும்மாடு, எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். பெயர் தெரியாது, கேட்டதும் இல்லை. "இந்தாம்மா" என்று கூப்பிட்டால் யாராவது ஒருத்தி திரும்புவாள், வேலை நடக்கும். அந்த ஐந்து பேரில் பாக்கியத்தை மட்டும் எனக்குத் தெரியும், நம் பாலக்கரைக்காரி, வாய் கொஞ்சம் அதிகம். ஆடிப்பெருக்குக்குப் போன ஒருத்தி திரும்பி வராததால் மேஸ்திரி புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். பச்சைமலையில் ஏதோ ஓர் ஊர். வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யாரோடும் பேச மாட்டாள். மற்றவர்கள் டீக்குப் போனாலும் அவள் பெரும்பாலும் போகவில்லை.

மோட்டாரின் உறிஞ்சு குழாய் அடியில் இருக்கிற சல்லடையை மணல் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மோட்டார் சூடாகி நின்றுவிடும், குழி நிறைந்துவிடும். அன்று காலை அந்தப் பச்சைமலைப் பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். "இந்தாம்மா, அந்த சல்லடைய அப்பப்போ பாத்துக்க, சத்தம் மாறுனா இறங்கித் தட்டி விட்டுடு" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள் தம்பி, பின்னால் வரும்.

பத்தரை மணிக்கு டீ வந்தது. எல்லாரும் மேலே ஏறி கேட் பக்கம் போனார்கள். நானும் டம்ளரும் கையுமாக நின்றேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. நெல் மூட்டை சரிந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மோட்டார் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் மேற்குப் பக்கச் சுவர் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்திருந்தது, மேலே குவித்திருந்த மண்ணும் அதோடு போயிருந்தது. பக்கத்து வீட்டு மதில் அந்தரத்தில் நின்றது. எல்லாரும் குழியை நோக்கி ஓடினார்கள். நான் கத்தி அவர்களைத் தடுத்தேன். மறுபடியும் சரியும், யாரும் கிட்டே போகாதீங்க, எல்லாரும் கேட்டுக்கு வாங்க என்று விரட்டிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினேன். அதுவரை நான் செய்தது சரிதான். இன்றைக்கும் உன் பதினாறாம் பக்கம் அதைத்தான் சொல்கிறது.

பிறகு எண்ணினேன். விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினேன். ஆள் ஒன்பது. கம்பிக்காரர்கள் நாலு. மேஸ்திரி. சட்டை போட்ட பெண்கள் ஐந்து. பத்தொன்பது. மறுபடியும் ஒரு தடவை எண்ணினேன், அதே பத்தொன்பது. "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு அங்கிருந்து ஒரு சித்தாள் உதவிக்கு ஓடி வந்திருந்தாள். அவளும் புடவைக்கு மேலே சட்டை போட்டிருந்தாள், அவள் தலையிலும் சும்மாடு. நான் வரிசையில் நிற்கச் சொன்னபோது பாவம், அவளும் நின்றாள். ஐந்தாவதாக நான் எண்ணியது அவளை.

பாக்கியம் என் கிட்டே வந்தாள். "சார், அந்தப் பச்சமலைப் புள்ளையக் காணோம் சார்" என்றாள்.

"எண்ணிட்டேன் பாக்கியம். சரியா இருக்கு."

"இல்ல சார், நான் பாக்குறேன், அந்தப் புள்ள இங்க இல்ல."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்னு சொல்றேன்ல? சும்மா குழப்பாத. போய் நில்லு" என்றேன்.

அவள் போய் நின்றாள். தம்பி, இந்த நாலு வரியைத்தான் நான் இருபது வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு முகம் தெரிந்திருந்தது, எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. நான் கணக்கை நம்பினேன். ஒரு சித்தாள் சொல்லி நான் மூன்றாவது தடவை எண்ணுவதா என்கிற திமிரும் அதில் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கால் மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. அதில் வந்த பெரியவர் என்னிடம், "உள்ள ஆள் யாரும் இல்லையே? உறுதியா சொல்றீங்களா?" என்று கேட்டார். "எண்ணிட்டேன் சார், பத்தொம்போதும் வெளிய இருக்கு" என்றேன். அவர் இன்னொரு முறையும் கேட்டார். நான் இன்னொரு முறையும் சொன்னேன். உள்ளே ஆள் இல்லை என்றால் அடுத்த கவலை பக்கத்து வீடுதானே. அந்த வீட்டுக்கார வயதானவரும் அவர் சம்சாரமும் தெருவில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள், மதில் விழுந்தால் அடுத்து வீடு. என்ஜினியர் போனில், "உள்ள ஆளில்லல்ல? அப்ப யோசிக்காதீங்க, மண்ணத் தள்ளி செவுத்துக்கு அணை குடுங்க" என்றார். பொக்லைன் வந்தது. முக்கால் மணி நேரம் மண்ணைக் குழிக்குள் தள்ளினோம். நான்தான் ஓரத்தில் நின்று கையைக் காட்டிக்காட்டி, இங்கே போடு, இன்னும் கொஞ்சம் அங்கே போடு என்று சொன்னேன்.

ஒரு மணிக்கு, வேலை இல்லை, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். சித்தாள்கள் தங்கள் சாப்பாட்டுக் கூடைகளைச் சாரக் கம்பில் மாட்டி வைத்திருப்பார்கள். அவரவர் எடுத்துக்கொண்டார்கள். நீல நிற ஒயர்க் கூடை ஒன்று மட்டும் அங்கேயே தொங்கியது. பக்கத்துத் தெருப் பெண் எப்போதோ தன் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பாக்கியம் அந்தக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். எனக்குக் காலையில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. சத்தம் மாறுனா இறங்கித் தட்டி விட்டுடு.

எல்லாரும் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினோம். பாக்கியத்துக்கு நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அவள் நிறுத்தவில்லை. மோட்டார் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நாலு மணிக்குக் கிடைத்தாள். ஒரு கையில் அந்தச் சல்லடை இருந்தது. மறு கை முகத்துக்கு முன்னால் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன், மண் சரிந்த உடனேயே போயிருப்பாளா, இல்லை கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்குமா என்று. அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டார். நாங்கள் தள்ளிய மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் உயிரோடு இருந்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, சாகிற வரைக்கும் தெரியாது.

மறுநாள், விசாரணைக்கு ஆள் வருவார்கள், பதிவேட்டில் எல்லார் பெயரையும் ஏற்றுங்கள் என்று மேலிடத்தில் சொன்னார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மேஸ்திரியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்தொன்பது பெயரையும் கேட்டுக் கேட்டு, மூன்று நாளுக்கு முந்தைய தேதியிலிருந்து எழுதினேன். செத்துப்போன மறுநாள்தான் அவள் பெயர் என் பதிவேட்டில் ஏறியது. வேலைக்கு வந்தாள் என்று அதற்கு நேரே ஒரு கோடும் போட்டேன். பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இறந்தவர் யாரும் சொல்லாமல் தானாகவே குழிக்குள் இறங்கினார் என்று அதில் எழுதியிருந்தது. நான் இறங்கச் சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். கையெழுத்துப் போட்டேன். உன் ஸ்கூல், வீட்டு வாடகை, அம்மாவின் இரண்டாவது பிரசவம் என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் ஒன்றுதான், பயம். உடம்பை மலைக்குக் கொண்டுபோன மேஸ்திரி திரும்பி வந்து, வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார். என்ன வயது என்று நான் கேட்கவில்லை. உன் வயதைச் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

இப்போது முக்கொம்புக்கு வருகிறேன். உனக்குப் பதினைந்து வயது, சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம் எல்லாரும் வேன் பிடித்துப் போனோமே, அன்றைக்கு. திரும்பும்போது நான் வேன் படியில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். உங்களுக்கெல்லாம் அது கேலி. கல்யாணம், வேளாங்கண்ணி, எங்கே போனாலும் அப்பா ஆஜர் எடுப்பார், ஹெட்மாஸ்டர் வந்துட்டார் என்று சிரிப்பீர்கள். அன்று நீ கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாய், எனக்கு நன்றாகத் தெரிந்தது. "பிரிட்டோ" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுபடியும் கூப்பிட்டேன். "கண்ணு முன்னாடிதானே இருக்கேன், எதுக்குப்பா கூப்பிடுறீங்க?" என்றாய். ஏறி வந்து உன்னை அறைந்தேன். அத்தனை பேர் முன்னாலும், அதுவும் உன் அத்தை மகள் பார்க்க. நீ என்னோடு பேச இரண்டு மாதம் ஆயிற்று. அதற்கு நான் மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த அறை உனக்கு விழுந்திருக்க வேண்டியதில்லை தம்பி.

பாக்கியத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலக்கரை மார்க்கெட்டில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. நலம் விசாரித்தாள், உன்னைப் பற்றிக் கேட்டாள். கிளம்பும்போது, "நான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்றாள். குத்திக்காட்டுவதுபோலச் சொல்லவில்லை. அவளும் அதை இன்னும் இறக்கி வைக்க முடியாமல்தான் இருக்கிறாள், இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாமே என்று. நான் செய்ததை அவள் சுமக்கிறாள். கையில் மீன் பையோடு நான் அங்கேயே நின்றேன்.

ஆகவே பதினேழாம் பக்கத்தை அடித்துவிட்டேன். சிவப்பு மையால் அடித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் நீயே கேட்டில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடு. அந்த வடக்கத்திப் பையன்கள் இருபத்திரண்டு பேரையும் உன் சூப்பர்வைசர்கள் 'பையா' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள், வேலி ஓரம் நின்றபோது என் காதில் விழுந்தது. அது நாங்கள் சொன்ன 'இந்தாம்மா'தான். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் நுழையும்வரை சொல்லிப் பார். பதில் குரல் வந்த பிறகு அடுத்த பெயருக்குப் போ. டீ நேரத்தில் எல்லாரும் ஏறிய பிறகு குழியின் ஏணியை மேலே இழுத்துவிடச் சொல். விளிம்பில் ஒரு கூடை மண்ணைக்கூடக் குவிக்க விடாதே, வெடிப்பைப் பார்த்தால் சாயங்காலம்வரை காத்திருக்காதே. ஏதாவது நடந்துவிட்டால், உன் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், யாராவது ஒருத்தர் வந்து ஓர் ஆளைக் காணோம் என்று சொன்னால், கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொன்னவரின் பின்னால் போ. தேடிப் பார்த்து ஆள் டீக்கடையில் இருந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்று காலை இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். இருபது வருஷம் கூடவே படுத்து எழுந்தவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

மூன்று நாள் என் முன்னால் மண் சுமந்தவளிடம் நான் கேட்காததை உன் அம்மா முதலில் கேட்டாள். "பூங்காவனம்" என்றேன். பதிவேட்டில் எழுதிய பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முக்கொம்பில் நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கண் முன்னால்தானே இருக்கிறேன், எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டாய். அன்றைக்கும் என் கண் முன்னால் பத்தொன்பது பேர் இருந்தார்கள் தம்பி.

அப்பா